பதினோரு மூலை ரெண்டு ரூபாய்

பனியன் கம்பெனி கேட்டுக்குள் பெட்டிக்கடை நடத்த ரெண்டு கண் பத்தாது என்பார்கள். எனக்கு அந்த ரெண்டும் கிடையாது, ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேலாக நடத்திக்கொண்டிருக்கிறேன். ஆறு வயதில் வந்த காய்ச்சலோடு பார்வை போய்விட்டது. அண்ணன் இந்த கம்பெனியில் மெக்கானிக்காக இருந்ததால், முதலாளி ஜெனரேட்டர் ரூமை ஒட்டி ஆறடிக்கு நாலடி இடம் ஒதுக்கிக் கொடுத்தார். திருப்பூரில் வீரபாண்டிப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி. பன், பிஸ்கட், வாழைப்பழம், கடலை மிட்டாய், ஊக்கு, ஷாம்பு பாக்கெட் விற்கிறேன். எது எங்கே இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். நோட்டு என்றால் விரலுக்கு நடுவில் வைத்து அளந்துவிடுவேன்.

என்னைப் படுத்தி எடுத்தது ரெண்டு ரூபாய்க் காசு. கடை வைத்திருப்பவர்கள், பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர்கள், கோயில் வாசலில் பூ விற்பவர்கள் எல்லோரும் என் கட்சி என்று நினைத்துத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். நான் வாயால் சொல்ல, போன் எழுதிக்கொள்கிறது. செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் மேரி அதைத் திருத்தித் தருகிறாள். 'சில்லறை' என்று நான் சொன்ன இடத்திலெல்லாம் போன் 'சிறுத்தை' என்று எழுதி வைத்திருந்ததாம். எங்கேயாவது ஒரு சிறுத்தை விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தா, பதினொன்றா

கடை ஆரம்பித்த காலத்தில் ரெண்டு ரூபாய்க்கு மூலைகள் இருந்தன. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் இந்தியா படமும் அதற்குள் கொடியும் இருக்குமாம். எனக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. கட்டை விரலை ஓரத்தில் வைத்து லேசாகத் தள்ளினால் மூலை மூலையாகத் தட்டும். மற்ற காசோடு கலந்து கிடந்தாலும் விரல் நேராகப் போய் அதை எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஒரு நாள் டீ டைமில் அதற்குப் பதினோரு மூலை என்று சொன்னேன். வாட்ச்மேன் ஆறுமுகண்ணன் நம்பவில்லை. வாங்கிச் சத்தமாக எண்ணினார். முதல் தடவை பத்து வந்தது, அடுத்த தடவை பன்னிரண்டு, மூன்றாம் தடவை ஒன்பது. எங்கே ஆரம்பித்தோம் என்பதை அவர் மறந்துவிடுகிறார். நான் ஒரு மூலையில் நகத்தை வைத்து அழுத்திக்கொண்டு எண்ணுவேன். கட்டிங் மாஸ்டர் கோவில்பட்டிக்காரர், துணி வெட்டுவதில் நூல் பிசகாதவர். அவர் தன் சாக்பீஸால் ஒரு மூலையில் கோடு போட்டுக்கொண்டு எண்ணினார். பதினொன்றுதான் வந்தது. பிறகு காசை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பதினொண்ணுன்னு எவனும் கணக்குப் போட்டு வெட்டுவானாம்மா? பத்துன்னு மார்க் பண்ணிட்டு ஒண்ணு கூட வெட்டிட்டான். எங்க டேபிள்ல நடந்திருந்தா மொத்தமும் ரிஜெக்ட்."

மூலை போன பிறகு

கொஞ்ச வருஷம் கழித்து ஒரு நாள் கையில் வட்டமாக, பெரிதாக, வழுக்கிக்கொண்டு ஒரு காசு விழுந்தது. ஏதோ கோயில் டாலரைத் தவறிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து, கொடுத்தவரைத் திரும்பக் கூப்பிட்டேன். இல்லை, இதுதான் இனிமேல் ரெண்டு ரூபாய் என்றார்கள். ஒரு ரூபாயைவிட ஒரு நூல் பெரிது, அவ்வளவுதான். ரெண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தனியாக ஒன்றைக் கொடுத்தால், பெரிதா சிறிதா என்று எதை வைத்துச் சொல்வது?

நகத்தால் தடவினால் நடுவில் ரெண்டு கோடு குறுக்கும் நெடுக்குமாகப் போவது தெரிந்தது. நாலு பக்கத்திலும் நாலு புள்ளி. இது என்ன என்று வருகிறவர்களையெல்லாம் கேட்டேன். நாலு ரோடு சந்திக்கிற இடம் என்றார் ஆறுமுகண்ணன். எல்லாரும் ஒண்ணு என்று காட்டுவதற்காம் என்றார் பேப்பர் படிக்கிற ஒருவர். சிலுவை என்று இன்னொருவர் சொல்ல, அதைச் சிலுவை என்று எப்படிச் சொல்லலாம் என்று ஒரு பேச்சு கிளம்பி, டீ டைம் முடிந்து பெல் அடித்தும் நிற்கவில்லை. மேரி கிறிஸ்தவக் குடும்பம். அவளைத்தான் கடைசியில் நடுவில் நிறுத்தினார்கள். அவள் காசை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னாள்: "எங்க சிலுவைக்குப் புள்ளி இருக்காதுங்க்கா. இது யாரோடதுன்னு எனக்கும் தெரியலீங்க."

கை காட்டிய காசு

அதற்கப்புறம் வந்த காசில் கை போட்டிருந்தார்கள். ஒரு ரூபாயில் கட்டை விரலை உயர்த்திய கை, ரெண்டு ரூபாயில் ரெண்டு விரலை நீட்டிய கை. ஹெச்.ஆர். மேடம் இதைச் சொல்வதற்கென்றே கடைக்கு வந்தார். நாட்டியத்தில் வருகிற முத்திரையாம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் வசதியாக இருக்கும் என்று மிகவும் சந்தோஷமாகச் சொன்னார். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் ஒரு மத்தியானம் முழுக்க அந்தக் காசைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை மாதிரி ஏதோ இருக்கிறது என்பது வரைக்கும் வந்தது. அதில் எத்தனை விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது, எத்தனை மடங்கியிருக்கிறது என்பது பிடிபடவே இல்லை. எங்கள் கம்பெனியில் யார் கையிலிருந்து காசு வந்தாலும் பனியன் பஞ்சு ஒட்டிக்கொண்டு வரும். பஞ்சு ஒரு விரல் போலவே இருக்கும்.

விரல் எதற்கு என்று ஆறுமுகண்ணனிடம் கேட்டேன். முத்திரை விஷயம் அவருக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்கிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்: "ஒரு ரூபாயில இருக்கறது கைநாட்டுங்க அம்மிணி. ரெண்டு ரூபாயில ரெண்டு வெரலு நீட்டிக்கிட்டிருக்குதே, அது அந்தக் கைநாட்டுக்கு ரெண்டு சாட்சி."

ஆளுக்கு ஒரு படி இறக்கம்

இதுவரைக்கும் சமாளித்துவிட்டேன். அதற்கடுத்த மாற்றத்தில்தான் விழுந்தேன். காசையெல்லாம் சின்னதாக்கினார்கள். புது ஒரு ரூபாய், பழைய எட்டணா அளவுக்கு இறங்கிவிட்டது. எட்டணாவைத்தான் யாரும் வாங்குவதில்லையே, போகட்டும் என்று இருந்தேன். ஆனால் புது ரெண்டு ரூபாய், பழைய ஒரு ரூபாய் அளவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அகலம் ஒன்று, கனம் ஒன்று, கல்லில் போட்டால் சத்தமும் ஒன்று. பழைய ஒரு ரூபாயை யாரும் நிறுத்தவும் இல்லை. ரெண்டும் ஒன்றாகக் கல்லாவில் கிடக்கும். பார்வை இருப்பவர்கள் எழுத்தைப் பார்த்துக்கொள்வார்கள். என் விரல் எதைப் பார்ப்பது?

ஒரு வழி கண்டுபிடித்தேன். சொரசொரவென்று இருந்தால் புதுசு, அது ரெண்டு. தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் பழசு, அது ஒன்று. ஒன்றிரண்டு வருஷம் இது ஓடியது. அப்புறம் புதுசும் தேய ஆரம்பித்தது. யாரோ உண்டியலை உடைத்தால் பழசும் சொரசொரவென்று வந்து விழும். அதன்பிறகு எல்லாம் ஊகம்தான். மேரியிடம் ஒரு நாள் இதைச் சொன்னபோது அவள் வேலைக்கணக்கில்தான் அதைப் புரிந்துகொண்டாள்: "நாங்க எல் சைஸ் பீஸ்ல எம் சைஸ் லேபிள் போய்டுச்சுன்னா பாரின்ல இருந்து லாட்டே திரும்பி வந்துருதுங்க்கா. இந்தக் காச எங்கீங்க திருப்பி அனுப்பறது?"

எனக்குப் பிடித்த காசு

இடையில் பத்து ரூபாய்க் காசு வந்தது. ரெண்டு உலோகம், நடுவில் ஒரு வட்டமான பொருத்து. நகம் வைத்ததும் தெரிந்துவிடும். இப்படி ஒரு காசை எனக்காகவே செய்தார்கள் என்று நம்பி, யார் கொடுத்தாலும் வாங்கினேன். திருப்பூரில் வேறு யாரும் அதை வாங்குவதில்லை என்பது எனக்குத் தெரியாது. கம்பெனியில் உள்ளவர்கள் வீட்டில் கிடந்ததையெல்லாம் தேடி எடுத்து வந்து என்னிடம் பன் வாங்கினார்கள். பெருமாநல்லூரிலிருந்து பன் கொண்டுவரும் பேக்கரி வண்டிக்காரர் அதை வாங்க மறுத்துவிட்டார். பத்துக் கோடு போட்ட காசு செல்லும், பதினைந்து கோடு போட்டது செல்லாது என்று ஒரு வாரம் சொன்னார். அடுத்த வாரம் அதையே மாற்றிச் சொன்னார். எல்லாமே செல்லும் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறதே என்று நான் கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: "செல்லுமுங்க, நான் இல்லேங்கலீங்க. ஆனா யாரும் வாங்க மாட்டாங்க."

வளையல் சத்தம்

ஓவர்லாக் மெஷினில் தைக்கும் சுனிதா பீகாரிலிருந்து வந்தவள். அவளோடு ஏழெட்டுப் பெண்கள். டீ டைமில் அவர்கள் வருவதை வளையல் சத்தத்திலேயே கண்டுகொள்வேன். பன் அப்போது எட்டு ரூபாய். ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுப்பார்கள், நான் ஆளுக்கு ரெண்டு ரூபாய் திருப்பிக் கொடுப்பேன். சுனிதாவுக்குத் தமிழில் 'நீங்க' வராது. எங்கள் பக்கத்தில் இடுப்பில் இருக்கும் குழந்தைக்குக்கூட 'ங்க' போடுவோம். அவளுக்கு நானும் 'நீ', மேனேஜரும் 'நீ', முதலாளியும் 'நீ'.

ஒரு நாள் வளையல் சத்தம் வரவில்லை. மறுநாளும் இல்லை. சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் பன் பாக்கெட்டுகள் அப்படியே இருந்தன. ஊருக்குப் போய்விட்டார்களோ என்று மேரியிடம் கேட்டேன். இங்கேதான் இருக்கிறார்கள், வெளியிலிருந்து பிஸ்கட் வாங்கி வந்து சாப்பிடுகிறார்கள் என்றாள். நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரியவில்லை. பன் பழசாக இருந்ததா, கோபமாக ஏதாவது பேசிவிட்டேனா? ஒரு வாரம் மண்டையைக் குழப்பிக்கொண்டேன்.

கடைசியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், சுனிதா கைகழுவும் இடத்துக்குப் போகும்போது பேர் சொல்லிக் கூப்பிட்டேன். வந்து நின்றாள். ஏன் கடைக்கு வருவதில்லை என்றேன். தமிழ் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள்: "அக்கா, நீ ரெண்டு ரூபா சொல்றே. ஒரு ரூபா தர்றே. ஒரு நாள் இல்லே, நிறைய நாள்."

நாணயம்

அதற்குள் விஷயம் மேனேஜர் ரூம் வரைக்கும் போயிருந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்காக ஆடிட் செய்ய வருவார்கள் என்று கம்பெனியில் புகார்ப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு காகிதம் விழுந்திருந்தது, இந்தியில். மேனேஜருக்கு இந்தி தெரியாது. போனைக் காட்டி மொழிபெயர்த்து வைத்திருந்தார். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி அதைப் படித்தார். "பார்வையற்ற அக்கா எங்கள் நாணயத்தைச் சாப்பிடுகிறார்." படித்துவிட்டு, இதில் நாணயம் என்றால் காசா, நேர்மையா என்று என்னையே கேட்டார். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. காசு என்றால் திருப்பித் தந்துவிடலாம்.

ஆடிட்டுக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் புகார் முடியவில்லை என்றால் கடையை எடுத்துவிட வேண்டியிருக்கும், முதலாளிக்கு மனசே இல்லை, ஆனால் வேறு வழி இல்லை என்றார் மேனேஜர். கடை இருக்கிற இடத்தில் ஸ்கேன் பண்ணி பிஸ்கட் எடுக்கிற மெஷின் வைக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்ததாம். ஆனால் தையல் லைனில் வேலை செய்கிறவர்கள் போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எதை வைத்து ஸ்கேன் பண்ணுவது என்பதில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது.

நான் உள்ளதைச் சொன்னேன். யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஒரு ரூபாய் குறைந்திருக்கும், அது உண்மை. நம்ம ஊர்க்காரர்கள் காசைப் பார்த்ததும், இது ஒரு ரூபாங்க்கா, மாத்திக் கொடுங்க என்பார்கள். நானும் மாற்றிக் கொடுத்துவிடுவேன். சிலருக்குக் கூடவும் போயிருக்கும், அவர்கள் பேசாமல் போயிருப்பார்கள். இந்தப் பெண்களுக்குக் கேட்கத் தமிழ் இல்லை. அதனால் குறைந்ததெல்லாம் அவர்கள் தலையில் போய் விழுந்திருக்கிறது. மேனேஜர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "ஏமாத்தலீன்னா இது கம்ப்ளைன்ட் இல்லீங்க்கா. கொறஞ்சது நெசம்னா கம்ப்ளைன்ட்டுங்க. இந்த ஃபார்ம்ல ரெண்டுக்கும் நடுவுல ஒரு கட்டம் இல்லீங்களே."

சுனிதா சொன்னது

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மேரியைக் கூட்டிக்கொண்டு நானே சுனிதாவிடம் போனேன். பழைய ஒரு ரூபாய் ஒன்று, புது ரெண்டு ரூபாய் ஒன்று, ரெண்டையும் அவள் கையில் கொடுத்து, கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவினாளா என்று எனக்குத் தெரியாது. மேரிதான், "மூடிக்கிட்டாங்க்கா, ரெண்டையும் மாத்தி மாத்தி வெச்சுப் பாக்கறா" என்றாள். ரொம்ப நேரம் ஆனது. பிறகு என் கையைப் பிடித்துக் காசு ரெண்டையும் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

உங்களுக்கு எவ்வளவு குறைந்ததோ தெரியவில்லை, ஒரு மாதம் எல்லோரும் காசில்லாமல் பன் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேண்டாம் என்றாள். நான் மறுபடி சொன்னதும் குரலை இறக்கி மேரியிடம் இந்தியிலும் தமிழிலுமாக ஏதோ சொன்னாள். மேரி இங்கே வந்த பெண்களோடு பழகிக் கொஞ்சம் இந்தி கற்றிருந்தாள். ஆனாலும் எனக்குச் சொல்லத் தயங்கினாள். விஷயம் இதுதான். கோபத்தில் சுனிதாவும் சில நாள் ஷாம்பு பாக்கெட் வாங்கும்போது ஒரு ரூபாயைக் கொடுத்துவிட்டு ரெண்டு ரூபாய் என்று சொல்லியிருக்கிறாள். நான் நம்பி வாங்கிக் கல்லாவில் போட்டிருக்கிறேன். அந்தக் காசையே ரெண்டு ரூபாய் என்று நினைத்து அவள் கூட்டாளிக்கே திருப்பிக் கொடுத்தும் இருப்பேன். யாருக்கு யார் தர வேண்டும் என்று மூன்று பேரும் நின்று யோசித்தோம். எந்தக் கணக்கும் நிற்கவில்லை.

வழி கண்டுபிடித்தது சுனிதாதான். சின்னக் காசு ஒன்று இருக்கிறதே, அது எப்போதும் ஒரு ரூபாய்தானே, ஒன்றா ரெண்டா என்று தெரியாத அந்த நடு அளவுக் காசை நீ யாருக்கும் கொடுக்காதே என்றாள். நடு அளவுக் காசையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டுவிடு, மேரி பிரித்துத் தரட்டும். ரெண்டு ரூபாய் தர வேண்டுமென்றால் சின்னக் காசு ரெண்டு தா. இத்தனை வருஷம் நான் விரலைத்தான் பழக்கப் பார்த்தேன், இது தோன்றவே இல்லை. ஆனால் அவளுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. அவர்கள் ஊரில் பத்து ரூபாய்க் காசைச் சந்தோஷமாக வாங்குவார்களாம், இந்தச் சின்ன ஒரு ரூபாயைத்தான் செல்லாது என்பார்களாம். போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "தினமும் சின்னது தா அக்கா. நான் ஊருக்குப் போற அன்னிக்கு மட்டும் பெருசு தா."

இன்னொரு காகிதம்

ரெண்டு நாளில் வளையல் சத்தம் திரும்பி வந்தது. முதலில் சுனிதா மட்டும் வந்தாள். மறுவாரம் மற்றவர்கள். நான் சின்னக் காசு ரெண்டை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் ஒன்று, ரெண்டு என்று எண்ணி வைப்பேன். அவர்கள் கையை மூடுகிறார்களா, பார்க்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் மேனேஜர் கடைக்கே வந்தார். புகார்ப் பெட்டியில் இன்னொரு இந்திக் காகிதம் விழுந்திருக்கிறது, அதே கையெழுத்து என்றார். இன்றைக்கும் யாருக்கோ குறைந்துவிட்டதா என்று கல்லாவைத் துழாவினேன். அவர் போனை வைத்து மொழிபெயர்த்ததைப் படித்தார். "அக்கா பெரிய நாணயத்தை விட்டுவிட்டார். இப்போது சிறிய நாணயம் மட்டும் வைத்திருக்கிறார். நாங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறோம்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு நிஜமாகவே திணறினார்: "நாணயம் சிறுசாப் போச்சுன்னு எழுதிப்போட்டு சந்தோசம்ங்கறாங்க. இத நான் கம்ப்ளைன்ட் முடிஞ்சுதுன்னு போடறதுங்களா, புதுசா ஒண்ணுன்னு போடறதுங்களா?"

மூலையோடு ஒன்று

முடிந்தது என்றுதான் போட்டார். கடை தப்பியது. கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் காலையில் ஆறுமுகண்ணனுக்குச் சில்லறை கொடுக்கக் கல்லாவில் கை விட்டால், மூலையோடு ஒரு காசு தட்டியது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. பழைய ரெண்டு ரூபாய், எங்கிருந்தோ வந்திருக்கிறது. அவர் கையில் வைத்து, பாருங்கண்ணா யார் வந்திருக்காங்கன்னு என்றேன். அவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. விரலால் மூலையைத் தொட்டுவிட்டு, இதெல்லாம் நின்னுபோய் எத்தன நாளாச்சுங்க, யாரும் வாங்க மாட்டாங்க என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, சின்னக் காசு ரெண்டு வாங்கிக்கொண்டு போனார். நான் அந்தக் காசை ஒரு மிட்டாய் டப்பாவில் தனியாகப் பத்திரப்படுத்தினேன். சும்மா இருக்கும் நேரத்தில் எடுத்துத் தடவிக்கொள்வேன்.

நாலு நாள் கழித்து மேரி அதைப் பார்த்துவிட்டு, இருபது ரூபாயை எதற்காக டப்பாவில் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்றாள். புதிதாக வந்த இருபது ரூபாய்க் காசாம். அதற்கும் மூலை உண்டாம். பழைய காசு கிடைத்த சந்தோஷத்தில் நடுவில் இருந்த பொருத்தையும் கவனிக்கவில்லை, மூலையையும் எண்ணவில்லை; இப்போது எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. யார் அதை என்னிடம் கொடுத்தார்கள், எவ்வளவு என்று சொல்லிக் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. ஆறுமுகண்ணனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அவர் கேட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். சாயங்காலம் என் கடைக்கு எதிரே வந்து நின்று கேட்டார்: "அப்ப அன்னிக்கு நான் வேண்டாம்னு குடுத்தது இருவது ரூபாயிங்களா அம்மிணி?"

புதிய ரெண்டு ரூபாய்

சின்னக் காசு என்றால் ஒரு ரூபாய் என்பதை என் விரல் நன்றாகப் படித்துக்கொண்டுவிட்டது. படித்து முடித்ததும் மறுபடி மாற்றினார்கள். இந்தத் தடவை காசில் ஏதோ தானியம் போட்டிருக்கிறார்களாம். ஆறுமுகண்ணன் சோளம் என்கிறார், சுனிதா கோதுமை என்கிறாள். எனக்கு அதில் வழக்கில்லை. ரெண்டு ரூபாயை இன்னும் சின்னதாக்கிவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிரச்சினை. முன்பு வந்த சின்ன ஒரு ரூபாய்க்கும் இப்போது வந்த ரெண்டு ரூபாய்க்கும் ஒரு நூல்தான் வித்தியாசம். இது வந்ததே எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

போன மாதம் சுனிதா பன் வாங்கினாள். இப்போது அவள் லைன் சூப்பர்வைசர். பன் விலையும் ஏறிவிட்டது, ஆனால் ரெண்டு ரூபாய் திருப்பித் தருகிற கணக்கு மட்டும் எப்படியோ மாறவில்லை. வழக்கம்போல் சின்னக் காசு ரெண்டை அவள் கையில் எண்ணி வைத்தேன். வளையல் சத்தம் நகரவில்லை. அங்கேயே நிற்கிறாள். எனக்கு அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. குறைஞ்சிருச்சா கண்ணு என்று கேட்டேன். அவள் ஒரு காசை என் கையில் திருப்பி வைத்து, என் விரலைப் பிடித்து அதன் ஓரத்தில் ஒரு சுற்றுச் சுற்ற வைத்தாள். பிறகு சொன்னாள்: "நாலு ரூபா குடுத்திட்டே. இப்ப நீ ஏமாறுறே அக்கா. இதுக்கு நான் மேனேஜர்கிட்ட கம்ப்ளைன்ட் போடட்டா?"

நான் இந்தக் கடையில் உட்கார்ந்த நாளிலிருந்து ரெண்டு ரூபாயை நாலு தடவை மாற்றிவிட்டார்கள், என் விரல்களைத்தான் ஒரு தடவைகூட மாற்றித் தர முடியவில்லை.